கண்ணாடி மாதிரி மின்னிய மரத்தளம்... ஒரே வருஷத்தில் உரிந்தது ஏன்?

வீட்டோடு ஒரு பேச்சு - வாரத் தொடர்

ஐப்பசி மாதம். விடிந்தும் விடியாத நேரம். மொட்டைமாடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துளசி பறிக்கப் போன அத்தை, ஈர மரத்தளத்தில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த மரத்தளம் மாமாவின் ஆசை. வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில், மாடித் தோட்டத்துக்கு நடுவே பத்துக்குப் பத்து அடியில் தேக்குப் பலகை போட்டுக்கொண்டார். சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அதில் உட்கார்ந்து அத்தையும் அவரும் காபி குடிப்பார்கள். எங்கள் வீடு சென்னையில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

பலகை அடித்து முடித்ததும் ஆசாரி கேட்டார்: "மேட்டா போடவா, கிளாஸா போடவா?"

குடும்பமே ஒரே குரலில், "கிளாஸ்!" என்றோம். மூன்று கோட் வார்னிஷ். முகம் பார்க்கலாம் போல மின்னியது. வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் பூசியது. ஆடியில் அங்கங்கே கொப்புளம். ஐப்பசியில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. உரிந்த இடத்தில் கறுப்புத் திட்டு, உரியாத இடத்தில் பச்சைப் பாசி. அதில்தான் அத்தை கால் வைத்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றார் மாமா. சொல்லிவிட்டு மாடிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். "பொங்கல் வரைக்கும் எனக்கு டைம் கொடுங்க மாமா" என்றேன். அந்த மூன்று மாதத்தில் படித்ததும், கேட்டதும், கையால் செய்து பார்த்ததும்தான் இந்த வாரப் பேச்சு.

மின்னுவதெல்லாம் காப்பதில்லை

முதலில் ஆசாரியைத் திட்டுவதை நிறுத்தினேன். நாங்கள் கேட்டதைத்தான் அவர் செய்தார். தப்பு எங்கே என்றால், ஹாலில் இருக்கும் ஊஞ்சலுக்குப் போடுவதை வெயிலில் கிடக்கும் தரைக்குப் போட்டதில்.

மரத்துக்கான பூச்சுகளை இரண்டு ஜாதியாகப் பிரித்துவிடலாம். ஒன்று, மேலே தோல் மாதிரி படிந்து நிற்பது. வார்னிஷ், பி.யூ., மெலமைன், பெயின்ட் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, மரத்துக்குள் ஊறிப் போவது. எண்ணெயும், எண்ணெய் கலந்த ஸ்டெயினும் இந்த வகை.

மரம் சும்மா இருப்பதில்லை. ஈரம் பட்டால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வது இதனால்தான். மேலே இருக்கும் வார்னிஷ் தோலோ வெயிலில் காயக் காய இறுகி, முறுமுறு என்று ஆகிவிடும். அடியில் மரம் அசையும்போது அது நெகிழ்ந்து கொடுக்காது, கீறல் விடும். அந்தக் கீறல் வழியே தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே தங்கிவிடும். அதுதான் கறுப்புத் திட்டு. அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப் போகும்.

சுவரில் நிற்கும் பலகையில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். தரையில் கிடக்கும் பலகையில் தேங்கும். அதன் மேல் நாம் நடக்கிறோம், நாற்காலியை இழுக்கிறோம். அதனால் தரைக்குத்தான் இந்தப் பாடு அதிகம்.

இன்னொரு எதிரி, வெயில். மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைப் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும். அதை மழை கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் வெளியில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமாகிறது. கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத பூச்சு வெயிலை அப்படியே உள்ளே விடும். கொஞ்சம் நிறம் கலந்த பூச்சுதான் மரத்துக்குக் குடை.

ஊறிப் போகும் பூச்சும் ஒருநாள் தேயத்தான் செய்யும். ஆனால் அது உரியாது, மங்கும். மங்கினால் கழுவிவிட்டு, மேலே இன்னொரு கோட் தடவினால் போதும். வார்னிஷ் உரிந்தாலோ, முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. வெளி மரத்துக்கு ஒரே தடவையில் முடிந்துபோகும் பூச்சு எதுவும் கிடையாது. 'எது ரொம்ப நாள் நிற்கும்?' என்று கேட்பதைவிட, 'எதைச் சுலபமாகப் புதுப்பிக்கலாம்?' என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு இது புரியவே ஒரு மணிக்கட்டு உடைய வேண்டியிருந்தது.

ஆளாளுக்கு ஒரு எண்ணெய்

எண்ணெய் என்று சொன்னதும் வீட்டில் யோசனைகள் குவிந்தன.

"தேங்காய் எண்ணெய் தடவினா போதாதா?" என்றார் அத்தை. போதாது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இதற்கு உதவாது. மரத்துக்கான எண்ணெய் காற்றுப் பட்டதும் இறுகிக் கெட்டியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும்.

"மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயில் அடிங்க, கரையான் கிட்டவே வராது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேலிக் கம்புக்கு அடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எரிந்து கழிந்த இன்ஜின் ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில், பக்கத்திலேயே கீரைத் தொட்டி இருக்கும் இடத்தில், அது வேண்டவே வேண்டாம்.

பண்ருட்டி சொந்தக்காரர் ஒருவர், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைச் சொன்னார். தென் கடற்கரை ஊர்களில் மரப்படகுகளுக்குப் பூசும் பழைய சமாச்சாரம் அது. மரத்தைக் காக்கும் என்பது நிஜம். ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். படகுக்குச் சரி, பாதம் படும் தரைக்குச் சரிப்படாது.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' எடுத்துக் கொடுத்தார். ஆளி விதை எண்ணெய். இது இறுகும், மரத்துக்குள் நன்றாக ஊறும். ஆனால் தனியாகப் பூசினால், நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சைக்கே தீனியாகி, சீக்கிரம் கறுத்துவிடும். ஒரு ஓரத்துப் பலகையில் பூசிப் பார்த்தேன். அதுதான் நடந்தது.

'தேக்கு எண்ணெய்' என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து, தேக்கு மரத்திலிருந்து எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆளி விதை அல்லது டங் எண்ணெயோடு கொஞ்சம் வார்னிஷும் தின்னரும் கலந்ததுதான் அது.

கடைசியில் நான் வாங்கியது, மரத்தளத்துக்கென்றே வரும் எண்ணெய்ப் பூச்சு. டப்பாவில் மூன்று விஷயம் பார்த்தேன். 'எக்ஸ்டீரியர்' என்று இருக்க வேண்டும். 'டெக்கிங்' அல்லது தரைக்கு என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். வேலிக்கும் ஜன்னலுக்கும் வருவது நடையைத் தாங்காது. நிறம் கலந்ததாகவும், பூஞ்சைத் தடுப்பு சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். தேக்கு நிறத்திலேயே ஒன்று கிடைத்தது.

ஒன்றுமே பூசாமல் விட்டால்?

இதுவும் ஒரு நல்ல வழிதான், மரம் நல்ல தேக்காக இருந்தால். மியான்மரில் மண்டலே நகருக்குப் பக்கத்தில் ஊ பெயின் பாலம் இருக்கிறது. 1850 வாக்கில், பழைய அரண்மனைத் தேக்கு மரங்களைக் கொண்டு கட்டியது. ஏரிக்குக் குறுக்கே சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். சில தூண்களை கான்கிரீட்டாக மாற்றியிருந்தாலும், இன்றைக்கும் ஜனங்கள் அதன் மேல் நடக்கிறார்கள்.

தேக்கின் நடுப்பகுதி, அதாவது வைரம் பாய்ந்த பகுதி, தன் எண்ணெயாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். ஓரத்து வெளிர் பகுதிக்கு அந்தச் சக்தி கிடையாது. சாம்பல் நிறம் உங்களுக்குப் பிடிக்குமென்றால், பலகை முழுக்க வைரமாக இருந்தால், பூச்சே இல்லாமல் விடலாம். பாசியை மட்டும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். பைன் மாதிரி லேசான மரத்தை அப்படி விடக் கூடாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகைக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை. அது உள்ளே இறங்காது.

வேலைக்கு இறங்கினோம்

பொங்கல் முடிந்த வாரம் ஆரம்பித்தோம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஊர்களுக்குத் தை பாதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். குமரி, நீலகிரி, கோவைப் பக்கம் இருப்பவர்கள் ஜூனில் மழை பிடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். குளிர் நாடுகளில் இதைப் படிக்கிறவர்கள் கோடைக்குக் காத்திருக்க வேண்டும். கடுங்குளிரில் எண்ணெய் இறுகாது.

சுரண்டுவது: பழைய வார்னிஷ் முழுவதும் போக வேண்டும். அது நிற்கிற இடத்தில் எண்ணெய் ஊறாது. நானும் என் கணவரும் இரண்டு ஞாயிறு சுரண்டினோம். இதுதான் கஷ்டமான வேலை, பொய் சொல்ல மாட்டேன்.

கழுவுவது: பாசிக்கும் கறுப்புக்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்தோம். கம்பி பிரஷ் கூடாது. அதன் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருப்பிடிக்கும். ஆணியைச் சுற்றி இருந்த மைக்கறை மாதிரியான கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம் போட்டோம். அது விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். பிள்ளைகளையும் செடித் தொட்டிகளையும் தள்ளி வைத்துவிடுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். கிட்டே பிடித்தால் மரத்தின் நாரையே பிய்த்துவிடும்.

காயவைப்பது: நல்ல வெயிலில் மூன்று நாள் விட்டோம். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டால் அத்தனையும் வீண்.

தேய்ப்பது: 80 நம்பர் உப்புத்தாள், நார் ஓடும் வாக்கில். மேசை நாற்காலிக்குத் தேய்ப்பது மாதிரி வழவழவென்று ஆக்கக் கூடாது. ரொம்ப வழவழப்பானால் எண்ணெய் இறங்காது, காலும் வழுக்கும். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம். ரசாயனம் ஏற்றிய, லேசான பச்சை நிறப் பைன் பலகையில் செம்பும் ஆர்சனிக்கும் இருக்கலாம். அதன் தூளைச் சுவாசிக்கக் கூடாது, துண்டுகளை எரிக்கவும் கூடாது.

இந்த இடத்தில் சின்னப் பரீட்சை. பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிஷத்துக்குள் ஊறிப்போனால் மரம் தயார். முத்து மாதிரி உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது.

பூசுவது: எண்ணெயை நன்றாகக் கலக்கிக்கொள்ளுங்கள், நிறம் அடியில் தங்கியிருக்கும். இரண்டு டப்பா இருந்தால் ஒரே வாளியில் ஊற்றிக்கொண்டால் நிறம் மாறாது. காலை வெயில் ஏறுவதற்கு முன் அல்லது நிழல் விழுந்த பிறகு பூசுங்கள். சுடும் பலகையில் பூசினால் உள்ளே போவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். இரண்டு மூன்று பலகையை எடுத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிறுத்தாமல் இழுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கே பட்டை விழும்.

பலகை அறுத்த முனைகளை மறக்காதீர்கள். தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த முனைகள்தான். எண்ணெயும் அங்கேதான் அதிகம் கேட்கும். கேட்கக் கேட்கக் கொடுங்கள்.

கால் மணி நேரம் கழித்து, ஊறாமல் மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைத் துடைக்க மனசு வராது. துடைக்காமல் விட்ட ஒரு மூலை, எங்களுக்கு ஒரு வாரம் செருப்பில் ஒட்டியது. டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது கோட். இரண்டுமே மெல்லிசாக.

பத்துக்குப் பத்து அடி என்றால் 100 சதுர அடி, சதுர மீட்டரில் 9.3. எங்களுக்கு முதல் கோட்டுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், இரண்டாவதுக்கு அதைவிடக் குறைவாகப் பிடித்தது. உங்கள் டப்பாவில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் துணியை மடிக்காதீர்கள்!

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கலாம். தீக்குச்சியே வேண்டாம். ஆளி விதை மாதிரி எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வரும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு துணியையும் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள். விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் குப்பைக்கு. வேலைக்கு ஆள் வைத்தால், போகும்போது துணியை எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் சங்கடம் ஒன்றுமில்லை.

பூச்சு மட்டும் போதாது

எண்ணெய் பூசினால் பாசியே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரமும் தூசியும் தங்கினால் வரும். அதனால் இன்னும் நாலு காரியம் செய்தோம். தொட்டிகளை மரத்தின் மேல் நேராக வைக்காமல் கால் வைத்த ஸ்டாண்டில் ஏற்றினோம். பலகை இடுக்கில் அடைந்திருந்த மண்ணையும் சருகையும் நோண்டி எடுத்தோம். தண்ணீர் இறங்கவும் காற்று ஓடவும் அந்த இடுக்கு வேண்டும். துருப்பிடித்த திருகாணிகளை மாற்றி, கடல் காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம். துளசியை மரத்தளத்தை மிதிக்காமல் பறிக்கும்படி, மாடிப்படிக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். கடைசி யோசனை அத்தையுடையது.

இது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், கழுவித் துடைத்து ஒரு கோட் பூசுகிறோம். அரை நாள் வேலை. சுரண்டல் கிடையாது. நிறம் அப்போதைய வார்னிஷ் மாதிரி மின்னவில்லை. யாரும் போட்டோ எடுப்பதில்லை. மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

அத்தைக்கு முதல் சில மாதம் பயம் போகவில்லை. மாடிப்படி வாசலிலேயே நின்று செடிகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். ஒருநாள் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் நடந்து காட்டி, கையை நீட்டினார். "வழுக்கலை, வா." அத்தை ஒரு காலை வைத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, அப்புறம்தான் இன்னொரு காலை எடுத்து வைத்தார்.

இப்போது மறுபடியும் இரண்டு பேரும் அங்கேதான் காபி குடிக்கிறார்கள். குடித்து முடித்ததும் மாமா டம்ளரைக் கழுவி, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பலகை மேல் தெளிப்பார். முத்து முத்தாக உருண்டு நின்றால், "இன்னும் தாங்கும்" என்பார். ஊறிக் கறுத்தால் கீழே எட்டிப் பார்த்து எனக்குக் குரல் கொடுப்பார்.

உங்கள் வீட்டு மாடியிலோ பால்கனியிலோ வாசலிலோ வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

(அடுத்த வாரம் பேசுவோம்)